நெர்வியும் நெர்கியும்

1

இந்த நாட்டில் என்னுடைய நரம்பை முதலில் தேடியவர் இரத்தம் எடுக்கும் தாதி ஒருவர். இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்திப் பார்த்தார், கிடைக்கவில்லை. நாளைக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று பஞ்சை ஒட்டி அனுப்பிவிட்டார். அதனால் முதியோர் இல்லத்தில் என் வேலைக்குப் பிந்திப் போனேன். காரணம் கேட்ட மேலாளரிடம், பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்த ஆங்கிலத்தில், "தே குட் நொட் ஃபைன்ட் மை நேர்வ்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சேர்ந்து சிரிப்பதுதான் மரியாதை என்று நானும் சிரித்து வைத்தேன்.

மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் ரோவிலில் வீட்டுக்கு வந்து மகள் ஆரணியிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. இரத்தம் ஓடுவது வெயின், நேர்வ் என்பது வேறு, அதைக் காணவில்லை என்றால் உங்களுக்குத் துணிச்சலே இல்லை என்று அர்த்தம் என்று ஆங்கிலத்திலேயே எனக்குப் பாடம் எடுத்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களுக்கு எல்லாமே நரம்புதானே. சேலைன் ஏறுவது நரம்பில், காலில் பச்சையாகச் சுருண்டு தெரிவது நரம்பு, கழுத்துப் பிடித்துக்கொண்டால் நரம்பு, வீணையில் கட்டியிருப்பதும் வெற்றிலையில் ஓடுவதும் நரம்பு. வவுனியாவில் நாங்கள் கொஞ்ச காலம் இருந்த தெருவின் டிஸ்பென்சரிக்காரர் "உங்களுக்கு நரம்பூசி போடவேணும்" என்று சொன்னபோது ஒருவரும் சிரித்ததில்லை.

இந்தக் கிழமையோடு அந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஒன்பது வருடம். தேநீர் இடைவேளையில் ஒரு கப் கேக்கும் கொஞ்சம் கைதட்டலும் கிடைத்தன. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், இந்த ஒன்பது வருடத்தில் நான் வென்ற பெரிய வழக்கைப் பற்றி ஊரில் இருக்கிற உங்களுக்கு இன்னும் எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதுவும் நரம்பு பற்றிய வழக்குத்தான்.

2

மேலாளர் சிரித்த மறுநாளே ஒரு கொப்பி வாங்கினேன். ரோசம்தான், வேறொன்றுமில்லை. நேர்வ் என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் பிடித்துக்கொண்டு வந்து இடப்பக்கத்தில் எழுதுவேன், வலப்பக்கத்தில் எங்கள் சொல். 'கெட்ஸ் ஒன் மை நேர்வ்ஸ்' என்று சமையல்காரப் பெண் யாரையாவது திட்டினால் அது எங்கள் அரியண்டம், பொறுக்க முடியாத தொல்லை. 'பண்டில் ஒஃப் நேர்வ்ஸ்' என்றால் பதகளிப்பு, பதறித் தடுமாறுவது. 'லொஸ்ட் ஹிஸ் நேர்வ்' என்றால் கடைசி நிமிடத்தில் பயந்து பின்வாங்கிவிட்டான்.

'யூ'வ் கொட் எ நேர்வ்' என்பதில் மட்டும் வழுக்கி விழுந்தேன். சூப்பர்மார்க்கெட் வரிசையில் கவனிக்காமல் ஒரு பெண்ணுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். அவர் அதைச் சொன்னார். போன மாதம் காணாமல் போன நரம்பு இப்போது இருக்கிறதாமே என்று மகிழ்ந்து, "தாங்க் யூ" என்றேன்.  நாங்கள் "உனக்குக் கொழுப்பு" என்று சொல்வோமே, அதற்குச் சமமான பேச்சு அது என்று ஆரணி பிறகு சொன்னாள்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போலிஷ் மொழி வந்து புகுந்தது ஹென்ரிக் என்பவரால். பதினோராம் அறைக்காரர். போலந்தில் பிறந்து, பெரிய யுத்தம் முடிந்தபின் பெற்றோருடன் கப்பலில் வந்து இறங்கிய சிறுவன். பிறகு முழு வாழ்க்கையும் டான்டினோங் பக்கத்துக் கார்த் தொழிற்சாலை ஒன்றில். மனைவி இந்த நாட்டுக்காரி, இறந்துவிட்டார். நான் அவருக்குச் சவரம் செய்துவிடும் நேரத்தில், அசைய முடியாதபடி நாடியைப் பிடித்து வைத்துக்கொண்டு அன்றைய சொல்லைச் சொல்வேன். நுரையைத் துடைத்த உடனே அவர் பதில் வரும்.

நரம்பு விஷயத்தில் அவர்கள் ஆங்கிலேயரைவிடப் பணக்காரர்கள். நரம்பு அங்கே நெர்வி. ஆங்கிலத்தில் 'நேர்வ்ஸ் ஒஃப் ஸ்டீல்' என்கிற, எதற்கும் அசையாத உருக்கு நரம்புக்காரர் அவர்களிடமும் உண்டு. பதகளிப்புக்காரரை நரம்பால் சுற்றிய நூல்பந்து என்பார்கள். வீண் சண்டைக்குப் போகிறவரிடம் 'ஷ்கோதா நெர்வுஃப்' என்பார்கள், இதற்குப் போய் நரம்பைச் செலவழிக்காதே என்று அர்த்தம். இதை நான் வீட்டில் இவரிடம், என் கணவரிடம், தினமும் சொல்லிப் பழகினேன். ஆங்கிலத்தில் நரம்பு போனால் பயந்துவிட்டான் என்று பொருள்; போலிஷில் நரம்பு விட்டுப்போனால் கோபத்தில் கத்திவிட்டான் என்று பொருள். கொழுப்புக்கு அவர்களிடம் நரம்பே இல்லை, துப்பெத் என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தலையில் வைக்கும் பொய்முடி என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று சொல்லி, தன் வழுக்கையைத் தட்டிக் காட்டினார்.

இன்னொரு சொல் எனக்குப் பிடிபட நாளானது. அவரை முதன்முதலில் கட்டிலில் திருப்பிப் படுக்க வைத்தபோது "போலி, போலி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பணிவிடை செய்கிறேன், என்னைப் போலி என்கிறாரே இந்த மனுஷன் என்று நினைத்தேன். அவர்கள் மொழியில் அது நோகிறது என்பது. நான் கோபப்பட்ட காரணத்தை விளக்கியதும், அன்று முழுவதும் என்னைக் கண்டால் போலி பானி யோகா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பானி என்றால் அம்மணி, யோகா என்பது யோகேஸ்வரி என்ற என் பெயரின் சுருக்கம்.

3

பிறகு அவருக்கு மறதி நோய் கூடியது. அது முதலில் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தை. எழுபது வருடத்துக்கு மேல் பேசிய மொழி, ஒரு கோடை காலத்துக்குள் போய்விட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் கொண்டுவந்த போலிஷ் மட்டும் மிஞ்சியது.

இல்லத்தில் போலிஷ் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தது எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஆனால் மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. ஹென்ரிக்கின் ஒரே மகள் கேரனுக்கும் தெரியாது. அறுபதை நெருங்கும் பெண், ஏதோ பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை. சின்ன வயதில் அப்பா போலிஷில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாராம். கொஞ்ச காலத்தில் அப்பாவும் விட்டுவிட்டாராம். இதைக் கேட்ட அன்று எனக்கு ஆரணியின் ஞாபகம் வந்தது, பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆறு சொற்களை எழுதி, தமிழ்க் கையெழுத்து மாதிரி வளைந்த ஆங்கிலத்தில் உச்சரிப்பும் விளக்கமும் போட்டு, ஒரு மட்டை தயாரித்தேன். தண்ணீர், கழிப்பறை, குளிர், பசி, நோவு. ஆறாவது நெர்வி: மனம் சரியில்லை, பதற்றம். பொறுப்புத் தாதி ஜூலி அதை லாமினேட் பண்ணிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் யோகாவின் மட்டையைப் பாருங்கள் என்று புதியவர்களுக்குச் சொல்வார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமைக்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு இருபத்திரண்டு வயதில் அப்பாவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெஞ்சுநோ. எனக்குச் சிங்களம் தெரியாது. வயிறு என்ற சொல் மட்டும் தெரியும், அதைச் சொன்னேன். வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தமிழ் டாக்டர் தற்செயலாக அந்த வார்டுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அப்பா தப்பி, பிறகு பதினோரு வருடம் இருந்தார். ஆனாலும் அந்த இரண்டு நாளும் அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மறக்கவில்லை.

4

போன வருடக் குளிர்காலத்தில் ஹென்ரிக்கின் பொய்ப்பல் வெடித்துத் திருத்தக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிழமைதான் அவர் குழம்பினார். உடுப்பு மாற்றப் போனால் கையைத் தட்டிவிட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். தன் முதுகில் தானே அடித்துக்கொண்டார். புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் கை பட்டுவிட்டது.

நான் மட்டையைக் காட்டி "போலி?" என்று கேட்டேன். பல்லில்லாத வாயால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார். எனக்கு அது நெர்வி என்று கேட்டது. எனக்கு அப்படிக் கேட்டதால் எல்லோருக்கும் அப்படியே கேட்டது. குறிப்பேட்டில் என் கையால் எழுதினேன்: நோவில்லை, நரம்புப் பதற்றம். ஐந்து நாளும் அதையே எழுதினேன்.

இல்லத்தார் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சிறுநீரைப் பரிசோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். ஹென்ரிக் போனைக் காதில் வைக்கவே விடவில்லை. டாக்டர் வந்து அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கூட்டினார். அதற்கும் சரிவரவில்லை என்றதும், வியாழக்கிழமையிலிருந்து அவரை, கட்டுக்கடங்காத மறதி நோயாளரை வைக்கும் பூட்டிய பிரிவுக்கு மாற்றுவதென்று முடிவானது. மகள் புதன்கிழமை வந்து கையெழுத்துப் போடவேண்டும்.

பூட்டிய பிரிவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அங்கே என் மட்டை இருக்கும், நான் இருக்கமாட்டேன்.

5

புதன்கிழமை எனக்கு விடுமுறை. ஆரணி காரில் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். இவருக்கு ஆட்டு எலும்பு ரசம் வேண்டுமாம், எனக்கு மனம் எதிலும் இல்லை. இறைச்சிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் தள்ளுவண்டியோடு ஒரு வயதான ஐரோப்பிய அம்மா நின்றார். கண்ணாடிக்குள் கையைக் காட்டி ஏதோ கேட்டார். கடைக்காரர் வியட்நாமியர், ஈரலை எடுத்தார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். ஆங்கிலச் சொல் நினைவுக்கு வராமல், "நெர்கி, நெர்கி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தன் இடுப்புக்கு மேலே, முதுகில் இரண்டு பக்கமும் அடித்துக் காட்டினார். கடைக்காரர் சிரித்துவிட்டு, வேறு தட்டிலிருந்து இரண்டு குண்டிக்காயை, அதுதான் சிறுநீரகத்தை, எடுத்துத் தராசில் வைத்தார்.

 ஐந்து நாளாக அந்த அடியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரணியின் போனில் பார்க்கச் சொன்னேன். நெர்வி நரம்பு, நெர்கி குண்டிக்காய். பல்லில்லாத வாயில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது? அதிலும் சுவரில் ஒன்றை மட்டும் எழுதி ஒட்டி வைத்திருக்கும்போது?

வீட்டுக்கு வேண்டாம், இல்லத்துக்கு விடு என்றேன். ஆரணி தயங்கினாள். டாக்டரும் தாதியும் முடிவெடுத்த விஷயம், நீங்கள் பராமரிப்பு வேலை செய்யும் கெயரர்தான், வேலைக்குப் பிரச்சினை வரும், ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று ஆங்கிலத்தில் அடுக்கினாள். அவள் சொன்னதில் பிழையில்லை. 

"பிழை விட்டது நான், பிள்ளை," என்றேன். "நான்தான் போய்ச் சொல்லவேணும்."

அவள் காரைத் திருப்பினாள்.

ஆட்டு எலும்புப் பையைக் கையில் வைத்துக்கொண்டே ஜூலியின் அறைக்குள் போனேன். கேரன் பேனையோடு இருந்தார். நான் ஆங்கிலத்தில் மூன்று வசனம் சொன்னேன். மட்டையில் நான் எழுதியது போதாது. அவர் சொல்வது நரம்பு அல்ல, கிட்னி. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜூலி கண்ணாடியைக் கழற்றினார். கேரனின் முகம் சிவந்துவிட்டது. ஒரு கிழமையாக நித்திரை இல்லாமல் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன், அப்பாவுக்குப் பதற்றம் என்று எழுதியது நீங்கள், இப்போது இறைச்சிக்கடையிலிருந்து வந்து வேறு கதை சொல்கிறீர்கள் என்றார்.  கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"யூ'வ் கொட் எ நேர்வ்."

இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரியும்.

"யெஸ்," என்றேன். "ஐ ஹாவ். கம் வித் மீ."

எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜூலிதான் முதலில் எழுந்தார். மூன்று பேரும் பதினோராம் அறைக்குப் போனோம்.

ஹென்ரிக் கதிரையில் ஒரு பக்கம் சரிந்து இருந்தார். நான் முழங்காலில் இருந்து, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக "நெர்வி?" என்று கேட்டேன். கையை வீசி முகத்தைத் திருப்பினார். பிறகு அவருடைய முதுகில், இடுப்புக்கு மேலே, மெதுவாக என் கையை வைத்து "நெர்கி?" என்று கேட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அவரிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நெர்கி," என்றார். "நெர்கி. போலி." கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பிறகு இன்னொரு சொல் சொன்னார், "நரேஷ்ச்சே." அது என் கொப்பியில் இருந்தது. ஒரு வழியாக, அப்பாடா என்று அர்த்தம். சவரம் முடிந்து நான் முகத்தைத் துடைத்துவிடும்போது சொல்கிற சொல்.

ஜூலி அந்த இடத்திலேயே டாக்டருக்குப் போன் எடுத்தார். நான் கேரனைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடாத காகிதத்தை அவர் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

அன்று பின்னேரமே அம்புலன்ஸ் வந்தது. ஸ்கானில் குண்டிக்காயில் கல் தெரிந்தது, அடைத்துக்கொண்டு நின்றதாம். அதனால்தான் முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு டாக்டரே வந்து எனக்கு விளக்கினார். ஒரு டாக்டர் என்னிடம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பேசியது அதுதான் முதல் தடவை. நானும் என் பங்குக்கு அவருக்கு நெர்வியையும் நெர்கியையும் சொல்லிக் கொடுத்தேன், இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

காரில் காத்துக்கொண்டிருந்த ஆரணி நான் வந்து ஏறியதும், "சொன்னீங்களா அம்மா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். ஓம் என்றேன். ரோவில் வரும்வரை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். எலும்பு ரசம் அன்றைக்கு ஆகவில்லை, இவர் முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

6

பத்து நாளில் ஹென்ரிக் பதினோராம் அறைக்கே திரும்பி வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் தட்டைத் தள்ளவில்லை. மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார்கள். பூட்டிய பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூலி என்னைக் கூப்பிட்டு, மட்டையைப் புதிதாக எழுதித் தரச் சொன்னார். இந்த முறை எழுதியதை ஒரு போலிஷ்காரரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று நானே நிபந்தனை போட்டேன். இப்போது அதில் பத்தொன்பது சொல் இருக்கின்றன. உடம்பின் உறுப்புகளுக்குப் படமும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேரன் வந்தார். கையில் பூச்செண்டு இருக்கும் என்று எதிர்பார்த்தேன், மனுஷி ஒரு கொப்பியோடு வந்திருந்தார். மன்னிப்பெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது, இரண்டு பேருக்கும் அது கூச்சம். பிறகு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவிடம் நோகிறதா என்று எப்படிக் கேட்பது என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்து யோகேஸ்வரி, மெல்பேர்னில், ஒரு போலிஷ்காரரின் மகளுக்குப் போலிஷ் சொல்லிக் கொடுத்தாள். இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போலி என்று சொல்லிக் கொடுத்தேன். அப்பா என்று கூப்பிடுவதற்குத் தாதோ என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் தாத்தாவை நினைத்துக்கொள் என்று எனக்கு நானே வைத்திருந்த குறிப்பு அவருக்கு உதவாது என்பதால், ஐந்தாறு தரம் சொல்லிக் காட்டினேன். அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தொழிற்சாலை மனுஷன் ஒருவருக்கும் அவர் மகளுக்கும் இடையில் அவர் மொழியில் பேச்சு நின்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏதோ என் பரீட்சை மாதிரி இருந்தது எனக்கு.

ஹென்ரிக் ஜன்னலோரம் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கேரன் பக்கத்தில் போய் இருந்தார்.

"தாதோ," என்றார். "போலி?"

ஹென்ரிக்கின் கை நின்றது. மகளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "ஞே போலி, ட்சுரெச்கோ" என்றார்.

நோகவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசிச் சொல் தெரியாது, என் கொப்பியில் அது இல்லை. கேரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்துத் தேடினேன். மகள் என்பதைச் சின்னப்பிள்ளையிடம் செல்லமாகச் சொல்லும் சொல்லாம், என்ர குட்டி மகளே என்கிற மாதிரி. அறுபதை நெருங்கும் அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னேன்.

 கேரன் அதைக் கொப்பியில் எழுதவில்லை. அப்பாவின் பக்கம் கதிரையை இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டு, நோகவில்லை என்று அவர் சொல்லி முடித்தது தெரிந்தும், திரும்பவும் கேட்டார்.

"தாதோ, போலி?"